சல்லடையில் செங்கல்

இன்று ஞாயிற்றுக்கிழமை. என் மகள் வீட்டுக்கு ஒரு பூனையைக் கொண்டுவந்திருக்கிறாள். கரோல் பாகில் அவளுடைய தோழி வீட்டு மாடிப்படிக்கு அடியில் பிறந்த குட்டிகளில் ஒன்று. கூடவே ஒரு பெரிய பை, பூனை மணல். அதைத் தட்டில் கொட்டிப் பரப்பும் வேலை எனக்கு. பையைப் பிரித்துக் கொட்டும்போது கை ஈரம் அதில் பட்டது. உடனே ஒரு வாசனை வந்தது பார், தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பென்டோனைட்! நம்முடைய அதே பென்டோனைட்! பையின் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தால் அதையேதான் போட்டிருக்கிறான்.

"அப்பா, ஸ்மெல் பண்ணாதீங்க! சீ, கியா கர் ரஹே ஹோ?" என்று மகள் கத்தினாள்.

ஒரு சிட்டிகை எடுத்து எச்சில் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தேன். வழுவழுவென்று நன்றாக இருந்தது. நீ இருந்திருந்தால் பூனையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "இதை ஒரு பக்கெட்ல கரைச்சுப் பாப்போமா யார்?" என்று கேட்டிருப்பாய். நானும் சரி என்றிருப்பேன். மகள் வீட்டை விட்டு ஓடியிருப்பாள்.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு எழுதத் தோன்றவில்லை. ஆனால் போன வியாழக்கிழமை ஒரு விஷயம் நடந்திருக்கிறது, அதை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. முதலிலிருந்துதான் சொல்வேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்வேன். குறுக்கே பேசாதே.

தில்லியில் யமுனைக்கு அந்தப் பக்கம், ஜம்னா பாரில், அந்தக் குறுகிய சந்துக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் போடும் வேலைக்கு நான் வந்து சேர்ந்தபோது எனக்குத் தெரிந்த இந்தி மொத்தம் பத்துச் சொற்கள். அதில் நான்கு கெட்ட வார்த்தை. குளித்தலையிலிருந்து நேரே வந்தவன், டிப்ளமோக்காரன், ஸ்லரி என்கிற களிமண் கரைசல் கலக்கும் தொட்டிகளுக்குப் பொறுப்பு. நீ சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள், இஞ்சினியர், மெஷினை ஓட்டுகிறவள். என் வயதுதான். தமிழ்ப் பெண் என்று சொன்னார்கள். அடடா, பேச ஆள் கிடைத்தது என்று ஓடிவந்து கேபின் கதவைத் தட்டினேன். நீ திரும்பிப் பார்த்து, "அரே யார், உள்ள வா!" என்றாய்.

யார் என்று கேட்கிறாய் என்று நினைத்தேன். பெயர், அப்பா பெயர், ஊர், படித்த பாலிடெக்னிக் எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். நண்பனை இந்தியில் யார் என்று கூப்பிடுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ முறை நீ யார் என்று கூப்பிடும்போது, "நான்தான், நான்தான்" என்று பதில் சொல்லி உன்னைச் சிரிக்கவைத்திருக்கிறேன்.

உன் தமிழைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மரியாதை கொடுக்க ஆரம்பித்து, வினைச்சொல்லுக்கு வருவதற்குள் அது தீர்ந்துவிடும். "நீங்க உக்காரு சார்" என்பாய். "நீங்க எப்ப வந்தே?" என்பாய். தமிழில் உனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், அவ்வளவுதான். ஆளுக்கு அரைகுறையாக ஒரு மொழி. நான் உனக்காக இந்தியில் பேசுவேன், நீ எனக்காகத் தமிழில் பேசுவாய். பக்கத்தில் நிற்பவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

பூனைத் தட்டை வைத்துக்கொண்டு இன்று காலை என் மகளுக்கு நம் வேலையை விளக்கினேன். சரியாகச் சொன்னேனா என்று நீயே பார். அந்தச் சந்துக்கு அடியில் இருப்பது ஆற்று மணல், பொலபொலவென்று இருக்கும், நடுவில் தண்ணீரும் உண்டு. அதில் விரலை நுழைத்து எடுத்தால் ஓட்டை நிற்காது, சுற்றியிருக்கிற மணல் சரிந்து அடைத்துக்கொள்ளும். நாம் விரலுக்குப் பதில் ஆள் குனிந்து நடக்கிற அளவுக்கு ஒரு குழாயை நுழைக்கிறோம். குழியில் இருக்கிற ஜாக்கி பின்னாலிருந்து தள்ளும், முன்னால் மெஷின் அறுத்துக்கொண்டே போகும். அறுக்கிற இடத்தில் மணல் சரியாமல் இருக்க, பென்டோனைட் கரைத்த ஸ்லரியை அழுத்தத்தோடு அங்கே அனுப்புகிறோம். ஸ்லரியில் இருக்கிற தண்ணீர் மணலுக்குள் போய்விடும், களிமண் மட்டும் மேலே பால் ஏடு மாதிரி படியும். அந்த ஏட்டின் மேல் ஸ்லரி அழுத்திக்கொண்டிருக்கும்வரை மணல் சுவர் மாதிரி நிற்கும். அழுத்தம் குறைந்தால் மணல் உள்ளே வரும். கூடினால் ஸ்லரி ரோட்டைப் பிளந்துகொண்டு மேலே பீறிடும்.

"பஸ், இத்னா ஸா?" என்று கேட்டாள் மகள். அவ்வளவுதான் என்றேன். உன்னிடம் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் விட்டிருக்க மாட்டாய்.

நாம் இரண்டு பேரும் அந்த ஏட்டைப் பற்றிப் போடாத சண்டை இல்லை. நீ அழுத்தக் கட்சி. அழுத்தம் ஒரே சீராக இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்பாய். நான் கட்டிக் கட்சி. தளர்ந்த மணலில் தண்ணியான ஸ்லரி நிற்காது, உள்ளே உறிஞ்சிக்கொண்டு போய்விடும், ஏடே படியாது, அதனால் கட்டியாகக் கலக்க வேண்டும் என்பேன். கட்டித் தயிர் என்கிறோமே, அந்தக் கட்டி. வந்த முதல் வாரம் தொட்டியிலிருந்து வாக்கி-டாக்கியில், சரக்கு கட்டியாக இருக்கிறது என்பதை "மால் கட்டி ஹை" என்று உன்னிடம் சொன்னேன். பதிலுக்கு உன் சிரிப்புதான் வந்தது.

"யாரோட கட்டி?" என்று கேட்டாய்.

தில்லிப் பிள்ளைகள் சண்டை போட்டால் சுண்டுவிரலை நீட்டிக் கட்டி என்பார்களாம். நாம் காய் விடுவது மாதிரி. உனக்கும் எனக்கும் பேச்சு இல்லை என்று அர்த்தம். இது தெரிந்ததிலிருந்து நமக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது. காலையில் நான் தாமதமாக வந்தால் கேபின் ஜன்னலில் உன் சுண்டுவிரல் தெரியும். என் டப்பாவில் இருந்த எலுமிச்சை ஊறுகாயை நீ மொத்தமாகக் காலி செய்தால் என் சுண்டுவிரல் தெரியும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் நேந்திரங்காய் வறுவல் வாங்கிவந்து கொடுத்தால் சமாதானம். ஒரு பொட்டலத்துக்கு மேல் நம் சண்டை எதுவும் தாங்கியதில்லை.

செல்வி அக்கா வீட்டுக்கு முதலில் போனது நீதான். குழாய் போகிற பாதையில் மேலே யார் யார் இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது உன் பழக்கம். யாரும் உன்னைப் பார்க்கச் சொல்லவில்லை. உன் வரைபடத்தில் அறுபதாவது மீட்டர், எழுபதாவது மீட்டர் என்று இருந்த இடங்களில் எல்லாம் பென்சிலால் ஆட்களின் பெயரை எழுதிவைத்திருந்தாய். அறுபத்தெட்டாவது மீட்டரில் செல்வி அக்கா. திருவண்ணாமலைப் பக்கம் சொந்த ஊர். கணவர் இல்லை. நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்து, ஒற்றைச் செங்கல் கனத்தில் அந்த வீட்டை அவரே கட்டியிருந்தார். வீட்டின் முன்மூலை நம் குழாய்க்கு நேர் மேலே இருந்தது.

அன்று நீ என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். அக்கா டீ கொடுத்துவிட்டு உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "எங்கிட்ட பட்டா கிட்டா எதுவும் கிடையாது கண்ணு. இந்த வீடு சாஞ்சுதுன்னு வையி, திரும்பக் கட்ட உட மாட்டாங்க. இடத்தையும் எடுத்துக்குவாங்க. ஒன்னும் ஆவாதுல்ல?"

ஆகாது என்று எளிதாகச் சொல்லியிருக்கலாம். "அக்கா, நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறோம்" என்று மட்டும் சொன்னாய். திரும்பி வரும் வழியெல்லாம் பேசவே இல்லை. உன்னை நான் பேசாமல் பார்த்தது அன்றுதான் முதல் முறை.

ஆறு வருடமாகிறது அந்த ஜனவரிக்கு. பத்து மணி வரை பனிமூட்டம் விலகாத நாட்கள். மெஷின் அறுபது மீட்டரைத் தாண்டியிருந்தது. அந்த வாரம் பார்த்துத்தான் நமக்குள் சண்டை, புனலை முன்வைத்து. ஸ்லரி எவ்வளவு கட்டி என்று பார்க்க, புனலின் ஓட்டையை விரலால் மூடி, நிறைய ஊற்றி, விரலை எடுத்ததும் எத்தனை விநாடியில் வடிகிறது என்று எண்ணுவேன் அல்லவா? குளிரில் என் விரல் மரத்துப்போய் மெதுவாக எடுக்கிறேன், அதனால் என் கணக்கு எல்லாம் தப்பு என்று நீ எல்லோர் முன்னாலும் சொன்னாய். ஹீட்டர் போட்ட கேபினில் உட்கார்ந்துகொண்டு என் விரலைப் பற்றிப் பேசாதே என்றேன். எனக்கு உண்மையிலேயே கோபம். மறுநாள் காலையில் ஜன்னலில் சுண்டுவிரலைக் காட்டினாய், நான் பார்க்காத மாதிரி போய்விட்டேன்.

மதியம் பன்னிரண்டரை இருக்கும். குழாயிலிருந்து திரும்பி வருகிற ஸ்லரியிலிருந்து மணலைப் பிரிக்கிற சல்லடைப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரே மாதிரியான சாம்பல் மணல் மூன்று வாரமாக வந்துகொண்டிருந்தது. திடீரென்று உருண்டை உருண்டையாகக் கறுப்பு மண் வந்து விழுந்தது. வேகமும் கூடியிருந்தது. ஒரு முழுக் குழாய்க்கு வர வேண்டிய மணல் கால் குழாய் தள்ளுவதற்குள் வந்து குவிந்துவிட்டது. வாக்கி-டாக்கியை எடுத்தேன். அந்த நேரத்தில் இந்தி வருமா எனக்கு?

"கட்டி கட்டியா வருது! கேக்குதா? கட்டியா வருது!"

சல்லடை போடுகிற கடகடச் சத்தத்தில் என் குரலில் இருந்த பதற்றம் உனக்குப் போய்ச் சேரவில்லை. முந்தின நாளிலிருந்து பேசாதவன் முதலில் சொன்ன சொல்லே அதுதான். உன் பதில் உற்சாகமாக வந்தது.

"அச்சா! இப்பதான் சொல்ல வந்தியா? சரி, எனக்கும் கட்டி. ஓவர்!"

மறுபடியும் கத்தினேன். நீ அந்தப் பக்கம் அணைத்துவிட்டாய். ஜாக்கி தள்ளிக்கொண்டே இருந்தது. குனிந்து சல்லடையில் இருந்த கறுப்பு உருண்டை ஒன்றை உடைத்தேன். உள்ளே சிவப்பாக ஒரு துண்டு. செங்கல். ஏழு மீட்டர் ஆழத்தில் ஆற்று மணலுக்குள் செங்கல் எங்கிருந்து வரும்? ரோட்டுக்கு அடியில் கொட்டி நிரப்பியிருக்கிற மண்ணில்தான் செங்கல் இருக்கும். அதாவது, மேலே இருந்தது கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

நான் ஓடினேன். நான் ஓடி நீ பார்த்ததே இல்லை, நானே பார்த்ததில்லை. சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினேன். கேபின் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்ததுமே உன் கை பட்டனுக்குப் போய்விட்டது. நான் கதவைத் திறக்கும்போது ஜாக்கி நின்றிருந்தது. கையில் இருந்த செங்கல் துண்டை உன் மேஜையில் வைத்தேன். நீ அதைப் பார்த்தாய். உன் முகம் வெளுத்ததை நான் மறக்கவே மாட்டேன்.

"நீ அந்தக் கட்டியா சொன்னே?" என்று கேட்டாய்.

அதற்குமேல் ஒரு விநாடிகூட நீ வீணாக்கவில்லை. அதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேறு ஆளாக இருந்திருந்தால் பம்பு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வெளியே ஓடியிருப்பான், அழுத்தம் போய் அந்தச் சந்தே உள்ளே வந்திருக்கும். நீ அறுப்பதை நிறுத்தினாய். மெஷினுக்கு முன்னாலிருந்து எதையும் வெளியே உறிஞ்சாதபடி திரும்புகிற குழாயை மூடினாய். உள்ளே போகிற ஸ்லரியை மட்டும் விட்டுவைத்தாய். அழுத்தம் காட்டுகிற முள்ளில் கண்ணை நட்டுக்கொண்டு, "கட்டியா போட்டு அனுப்பு, உன்னோட கட்டி. ஜல்தி!" என்றாய். உன் வாயிலிருந்து கட்டிக் கட்சிக்கு ஓட்டு விழுந்தது அன்றுதான்.

தொட்டிக்கு ஓடினேன். உள்ளே இருந்த ஸ்லரி கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. தளர்ந்த மண் குடித்துக்கொண்டே இருந்தது. மூட்டை மூட்டையாகப் பென்டோனைட்டைப் பிரித்துக் கொட்டிக் கலக்கினோம். பக்கத்துக் கட்டில் கடையிலிருந்து மரத்தூள் இரண்டு சாக்கு இழுத்துவந்து அதையும் போட்டோம், துவாரங்களை அடைக்கட்டும் என்று. பம்பு முனகியது. கும்பிடுகிறேன் தாயே, நின்றுவிடாதே என்று பம்பைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்.

அப்போதுதான் தரை இறங்குகிறதா என்று லெவல் பார்க்கிற திவாரி ஜி வந்தார். சந்தில் இருந்த மற்ற வீட்டார் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள், செல்வி அக்கா மட்டும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வர மறுக்கிறார் என்றார். வீட்டு முன்மூலையில் ஒரு விரிசல் விட்டிருக்கிறதாம். கலக்கும் வேலையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒற்றைச் செருப்போடு அங்கே ஓடினேன்.

"அக்கா, வெளிய வாங்க!"

"வெளிய வந்தா திரும்ப உள்ள உடுவீங்களா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார். "இப்பிடித்தான் போன தடவையும் அந்தாண்ட சந்துல வெளிய வரச் சொன்னாங்க. அப்புறம் புல்டோசர் வந்துது. நான் வர மாட்டேன்."

விடுவோம் என்று சொல்ல நான் யார்? வாக்கி-டாக்கியில் உன்னிடம் சொன்னேன். கதவுப் பக்கத்தில் வைக்கச் சொன்னாய். வைத்தேன். சந்து முழுக்க உன் குரல் கேட்டது.

"அக்கா, நான்தான். நான் பொய் சொல்ல மாட்டேன். வீடு விழலாம். விழாமலும் இருக்கலாம். இங்க நான் ஒரு பட்டனைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கேன், எழுந்திரிக்க மாட்டேன். நீங்க உள்ள இருந்தா என் கை நடுங்கும் அக்கா. நீங்க வெளிய வா. பூட்டிட்டு வா. சாவி உங்க கிட்டயே வெச்சுக்கோ."

பிறகு உள்ளே தாழ்ப்பாள் விலகியது. அக்கா ரேஷன் கார்டு இருந்த மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. "நீங்க வாவாம்! எந்த ஊர்த் தமிழ்டா இது?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே கதவைப் பூட்டினார். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

அவரைச் சந்து முனையில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். தொட்டியில் ஸ்லரி இறங்குவது நின்றிருந்தது! சுவரில் கரிக்கோடு போட்டு, குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். இறங்கவில்லை. கால் மணி கழித்தும் இறங்கவில்லை. ஏடு படிந்துவிட்டது. வாக்கி-டாக்கியில் உனக்குச் சொன்னேன். பதிலுக்கு நீ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகும் மூன்று மணி நேரம் நீ அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. டீயை நான்தான் கொண்டுவந்து வைத்தேன், அது ஆறிப்போய் ஆடை கட்டியது.

சந்தில் துளை போட்டுப் பார்த்தபோது ரோட்டுக்கு அடியில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா முழுசாக நிற்கிற அளவுக்கு வெற்றிடம் இருந்தது. செல்வி அக்கா வாசலிலிருந்து நான்கு அடி. சிமெண்டும் மணலும் கரைத்து ஊற்றி அதை நிரப்ப இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் அக்கா அதே சாவியால் அதே பூட்டைத் திறந்து உள்ளே போனார். விரிசலைப் பூசிக்கொடுத்தோம், நீயும் கரண்டி பிடித்தாய். உன் பூச்சு வேலை படு மோசம்.

அந்தக் கொஞ்ச நிமிடம் யாரால் போனது என்று பெரிய அதிகாரி நம் இருவரையும் கூப்பிட்டுக் கேட்டாரே, நினைவிருக்கிறதா? என்னால்தான், நான்தான் அணைத்துவிட்டேன் என்றாய். இல்லை சார், நிறுத்து என்று சொல்லாமல் வேறெதையோ சொன்னது நான்தான் என்றேன். "அவன் சரியாத்தான் சொன்னான், எனக்குத்தான் தமிழ் வரலை" என்றாய். "எனக்குத்தான் இந்தி வரலை" என்றேன். குரல் ஏறிக்கொண்டே போனது. அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "சண்டையை நிறுத்துங்களப்பா! இரண்டு பேர் பெயரையும் எழுதிக்கொள்கிறேன்" என்று இந்தியில் சொல்லி வெளியே அனுப்பினார். வெளியே வந்ததும் நீ அழுதாய், நானும் அழுதேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் உன் கேபின் சுவரில் ஒரு காகிதம் இருந்தது. தமிழில் நீ தட்டுத்தடுமாறிக் கையால் எழுதியது. ஸ்லரி எவ்வளவு கட்டி என்பதைப் புனல் விநாடியில், வெறும் எண்ணாக மட்டுமே சொல்ல வேண்டும். ஆபத்து என்றால் ஒரே சொல், ரோக்கோ, இந்தியில் நிறுத்து. கேட்டவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் பேச்சு முடியும். ரோக்கோ என்பதை நீ ரொக்கொ என்று எழுதியிருந்தாய். நான் திருத்தவில்லை. இன்றும் நம் ஆட்கள் யாராவது கட்டி என்று வாக்கி-டாக்கியில் சொல்லிவிட்டால் சைட்டுக்கே சமோசா வாங்கித் தர வேண்டும். பீகார்க்காரர்கள், ஒடியாக்காரர்கள் எல்லோருக்கும் இந்த விதி பொருந்தும், அது என்ன சொல் என்றே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

உன் நோயை நீ எங்களிடம் மறைத்தாய். அதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உன்னால் அதிகம் பேச முடியவில்லை. அதே சந்தில் பழைய குழாய்க்குப் பக்கத்தில் இரண்டாவது குழாய் போடப் போகிறார்கள் என்று சொன்னேன். உன் கண் எப்படி மின்னியது! கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "என் சீட்ல யாரு?" என்று கேட்டாய். அது தமிழ் யார். நான்தான் என்றேன். நீ சிரித்தாய். நான் கீழே இறங்கி ஆட்டோ ஸ்டாண்டில் நின்று, ஒரு பெரியவர் தண்ணீர் பாட்டிலை நீட்டும்வரை அழுதேன்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

இரண்டாவது குழாய் செல்வி அக்கா வீட்டுக்கு அடியில் போக வேண்டிய நாள். ஒரு தடவை கலைந்த மண். பழைய வெற்றிடத்தில் நாம் ஊற்றிய சிமெண்ட் ஒரு பக்கம் கெட்டியாக இருக்கும், மறுபக்கம் பொலபொலவென்று இருக்கும். மெஷின் கெட்டியில் முட்டித் தடுமாறினால் மறுபக்கத்து மணல் கொட்டும். அதனால் பத்து நாள் முன்பாகவே சந்தில் துளைகள் போட்டு, தளர்ந்த இடத்துக்கெல்லாம் சிமெண்ட் பால் ஏற்றினோம். உன் பழக்கப்படி நானும் வீடு வீடாகப் போனேன். பெயர்களைப் பென்சிலால் எழுதினேன். அக்காவிடம், நாலைந்து நாளில் மெஷின் வரும், அப்போது வந்து சொல்கிறேன், கொஞ்ச நேரம் வெளியே இருங்கள் என்றேன். இந்த முறை அவர் திரும்ப உள்ளே விடுவீர்களா என்று கேட்கவில்லை. "அந்தப் பொண்ணு வரலியா?" என்றுதான் கேட்டார். சொன்னேன். வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வியாழன் காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தோம். நான் சொல்லப் போகும் முன்பே அக்கா பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டிருந்தார். பக்கத்து வீட்டார் எல்லோரையும் பூங்காவுக்கு அனுப்பியிருந்தோம். உன் நாற்காலியில் நான். எவ்வளவு பயம் தெரியுமா? உள்ளங்கை வேர்த்துப் பட்டன் வழுக்கியது. அறுபத்திரண்டு. அறுபத்துநான்கு. தொட்டியிலிருந்து ஒவ்வொரு முழத்துக்கும் எண் வந்தது, ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன். அறுபத்தாறில் கெட்டிச் சிமெண்டில் ஓரம் உரசியது, கேபினே அதிர்ந்தது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். அழுத்தம் ஒரு பொட்டு ஏறியது, விட்டேன், இறங்கியது, பிடித்தேன். ஐயோ, என்ன ஆனந்தம்! நீ ஏன் அந்த நாற்காலியை யாருக்கும் கொடுக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. மண் கைக்குள் இருப்பது போலவே இருக்கிறது. சல்லடையில் என்ன வருகிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டேன். சாம்பல் மணல். சாம்பல் மணல். மறுபடியும் சாம்பல் மணல். எழுபத்தைந்து மீட்டர் தாண்டியபோது மணி மூன்று.

திவாரி ஜி அக்கா வீட்டு மூலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று லெவல் வைத்துப் பார்த்தார். ஸீரோ என்றார். மறுபடி பாருங்கள் என்றேன். ஸீரோ என்றார். நம்பாமல் நானே போய்ப் பார்த்தேன்.

மறுநாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா கண்ணு. எப்பதான் வரப்போவுது உங்க மிஷினு? நானும் தெனம் பயந்துனே பூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"போயிடுச்சு அக்கா. நேத்தே போயிடுச்சு."

அவர் நம்பவில்லை. தரையைப் பார்த்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். "ஒன்னுமே தெரியலியே!" என்றார். பிறகு பட்டாணியை உரிக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் அங்கே நின்றுகொண்டு சிரித்தேன், அழுதேன், என்னவென்று சொல்ல முடியவில்லை. வீட்டில் சொன்னேன், மனைவி நல்லது என்றாள். மகள் கூல் என்றாள். ஆபீசில் சொன்னேன், அடுத்த குழாய்க்குத் தேதி கேட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் யாருக்கு என்ன புரியும்? அதைக் கேட்டு நாற்காலியிலிருந்து எழுந்து குதிக்கக்கூடியவள் இந்த ஊரில் நீ ஒருத்திதான். சரி, இப்போது கேட்டுக்கொள். வியாழன் மாலை ஸீரோ. வெள்ளி காலை ஸீரோ. நேற்று நானே போய்ப் பார்த்தேன், ஸீரோ.